மயிரிழை சாய்ந்த பல்

சாயங்காலம் நாலு மணிக்குள் மச்சானுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது மணி இரண்டே கால். பல்செட் செய்கிறவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூளையைக் கசக்கிப் பிழிந்தும் ஒரு சொட்டு வரவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பெரிய கை. புதிதாக ஒரு பல் லேப் திறக்கிறார். அதற்கு இவர்தான் மேனேஜராம். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, மெழுகையும் பீங்கானையும் இனிமேல் கையால் தொடக் கூடாது. மேனேஜர் குனிந்து உட்கார்ந்து பல் செதுக்கிக்கொண்டிருந்தால் எவன் மதிப்பான் என்று கேட்டிருந்தார்.

மனைவி அண்ணன் கட்சியா, புருஷன் கட்சியா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. “இருவத்திரண்டு வருஷமா உன் வீட்டுக்காரர் என்னத்தைக் கிழிச்சாருன்னு அண்ணன் கேக்கறாரு. எனக்கு ஒரே ஒரு வரி சொல்லுங்க. நீங்க எதுல ஜெயிச்சீங்க? அதைச் சொல்லி அவர் வாயை நான் அடைக்கிறேன். இல்லையா, பேசாம கண்ணாடி ரூமுல போய் உக்காருங்க” என்றாள். நியாயமான கேள்விதான். இரண்டு நாளாக அந்த ஒரு வரிக்குத்தான் மனுஷன் அல்லாடினார்.

எப்படி வரும், சொல்லுங்கள்? அவர் தொழில் அந்த மாதிரி. பல் டாக்டரிடமிருந்து நோயாளியின் வாயில் அழுத்தி எடுத்த மாவு அச்சும் ஒரு சீட்டும் வரும். சீட்டில் வயது, பல்லின் நிறம், ஓர் எண். வாயும் தெரியாது, வாய்க்குச் சொந்தக்காரரும் தெரியாது. செய்து அனுப்பினால் போனது போனதுதான். ஆனால் இவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. எந்த செட் செய்தாலும் முன்வரிசையில் ஏதாவது ஒரு பல்லை மயிரிழை சாய்த்து வைப்பார், ஓரத்தை வயதுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் தேய்ப்பார். எல்லாப் பல்லும் அட்டென்ஷனில் நின்றால் பொய்ப்பல் என்று எதிரே வருகிற நாய்கூடக் கண்டுபிடித்துவிடும் என்பார். தன் கைவேலையை அவர் நேரில் பார்த்தது ஒரே ஒரு வாயில்தான். கல்யாணமான புதிதில் குளியலறையில் வழுக்கி விழுந்த மனைவிக்கு ஒற்றைப் பல் ஒன்று செய்து கொடுத்திருந்தார்.

இந்த யோசனையில் இருக்கும்போதுதான் எதிர் சீட்டில் ஓர் அம்மாள் சிரித்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்திலிருந்த தங்கச்சி காதில் என்னவோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்து, கூச்சநாச்சமே இல்லாமல் பஸ் அதிரச் சிரித்தார். மேல்வரிசை முழுக்கத் தெரிந்தது. வலது பக்கம் இரண்டாவது பல், மயிரிழை சாய்ந்து, ஓரம் தேய்ந்து!

“என் பல்லு!” என்றார் இவர், வாய்விட்டு.

அப்புறம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அம்மாள் இறங்கினார், இவரும் இறங்கினார். அவர் பழக்கடைக்குப் போனார், இவரும் போய் ஆரஞ்சு பேரம் பேசுகிற மாதிரி நின்றார். அந்த அம்மாள் ஓர் ஆப்பிளை எடுத்து, முழு ஆப்பிளை, முன்பல்லாலேயே நறுக்கென்று கடித்தார். பல்செட் போட்டவர்கள் கனவில்கூடச் செய்யாத காரியம். இவர் கைதட்டிவிட்டார்.

“யாருங்க நீங்க? பஸ்ஸுல இருந்து என் வாயையே பாத்துக்கிட்டு வர்றீங்க?” அந்த அம்மாளின் குடை மேலே எழுந்தது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க வாயில இருக்கறது என் பல்லு.”

“அக்கா, ஆள் ஒரு மாதிரி இருக்காரு. வா, போயிடலாம்” என்றாள் தங்கச்சி.

இவர் விடுவாரா? அச்சு, சீட்டு, மயிரிழை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினார். குடை மெதுவாக இறங்கியது.

“தம்பி, இது என் சொந்தப் பல்லு” என்றார் அந்த அம்மாள்.

“வாய்ப்பே இல்லைம்மா. நல்லா யோசிச்சுப் பாருங்க.”

“பல்லு என்னோடதான்னு நான் என்னத்தைப்பா யோசிக்கிறது?” இரண்டு விரலால் அந்தப் பல்லைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அசையவில்லை. “இது முளைச்சப்பவே கோணல். எங்கம்மா திட்டாத நாள் கிடையாது.”

பழக்கடைக்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். இவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நிமிஷம்தான். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. ஆப்பிள் குவியலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், நாலு ஆப்பிள் உருண்டன.

“நெஜப் பல்லைப் பாத்து நான் செஞ்சதுன்னு நெனச்சுட்டேன்மா! நானே ஏமாந்துட்டேன்! அப்ப நான் செஞ்சதெல்லாம்...” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, அவரும் சேர்ந்து சிரித்து, உருண்ட ஆப்பிளில் ஒன்றைத் துடைத்து இவர் கையில் கொடுத்தார். அதற்கும் சேர்த்துக் கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டார்.

மூன்று முப்பத்தைந்துக்கு மனைவிக்கு ஃபோன் போட்டார்.

“ஒரு வரி கெடைச்சிடுச்சு!”

“சொல்லுங்க.”

“நான் செஞ்ச பல்லு எதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலயே முடியாது.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை டங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. போச்சு, கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தார்.

“அப்படியா? என் வாயில நீங்க செஞ்ச பல்லு எது?”

“இதென்ன கேள்வி? மேல் வரிசை, இடது பக்கம் ரெண்டாவது.”

அவள் சிரித்த சிரிப்பில் இவர் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. “வலது பக்கம்ங்க! இருவது வருஷமா தெனமும் எதிர்லதான உக்காந்து சாப்பிடுறீங்க!”

“நெஜமாவா?”

“சத்தியமா. சரி, ஃபோனை வைங்க. நாலு மணிக்குள்ள அண்ணன்கிட்ட பேசணும்.”

“என்ன சொல்லப்போற?”

“கண்ணாடி ரூமுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்றேன். ஏன்னு கேட்டா வாயைத் திறந்து காட்டுறேன். எந்தப் பல்லுன்னு அவரே கண்டுபிடிக்கட்டும்.”

இவர் பாதி ஆப்பிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடினார். அரைநாள் லீவு இன்னும் மிச்சமிருந்தது. தான் பல் செதுக்குகிற பழைய லேபுக்குப் போகிற பஸ்ஸைத்தான் பிடித்தார்.