பாதித் துப்பாக்கியின் விலை

அப்பா போன மறுமாதமே என் அண்ணன்கள் இருவரும் அவருடைய பம்ப் துப்பாக்கியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூறு வருடப் பழசு. குழலுக்கு அடியில் இருக்கும் முன்பிடியை இழுத்துத் தள்ளினால் தோட்டா ஏறும். நடுவில் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். ஒருவரை ஏமாற்றி மற்றவர் விற்றுவிடக் கூடாதாம். குழலைப் பெரியண்ணன் எடுத்துப் போனார், விசையோடு இருந்த கட்டையைச் சின்னண்ணன் எடுத்துப் போனார். அன்றோடு அவர்கள் இருவருக்குள் பேச்சுவார்த்தையும் நின்றது. கடைக்குட்டியான என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் சுடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். துப்பாக்கி சுடும் மன்றத்தில் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. நாலு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"குழல் இல்லாம அது வெறும் தடி" என்று பெரியண்ணன் ஒரு விலை சொன்னார். "விசையே எங்கிட்டதானே இருக்கு" என்று சின்னண்ணன் அதற்கு மேல் ஒன்று சொன்னார். இரண்டையும் கூட்டினால் புதுக் காரே வாங்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாய விலை என்னவென்று பார்க்காமல் விடுவதில்லை என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் போனேன்.

"பாதிக்கெல்லாம் நான் விலை போடுறதில்லைம்மா. வச்சிருக்கறவங்களே கொண்டுவந்து என் கண்ணு முன்னால பூட்டணும். அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்.

ஒருவரைக் கெஞ்சினேன், ஒருவரை மிரட்டினேன். இருவரும் வந்தார்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய மேசையின் இரு முனைகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னண்ணன் கட்டையைப் பிடிக்க, பெரியண்ணன் குழலைச் செருகினார். ஏறவில்லை.

"முன்பிடியை முன்னால தள்ளிட்டுத் திருப்பணும்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு" என்றார் சின்னண்ணன் என்னிடம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றவருக்கு நான் செய்தி சொன்னேன். குழல் ஏறிப் பூட்டிக்கொண்டது.

பழுதுபார்ப்பவர் ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை. முன்பிடியை இழுத்துத் தள்ளினார். இரு பாதியிலும் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், ஒரே எண். பிறகு விலை சொன்னார். அண்ணன்கள் கேட்டதில் பாதிகூட இல்லை.

"தனித்தனியா வித்தா?" என்றார் பெரியண்ணன்.

"பழைய இரும்புக் கடைக்குத்தான் போடணும்."

"அப்ப இந்த விலைதான்" என்று பணத்தை எடுத்து வைத்தேன். "இதுல மூணுல ஒரு பங்கு என்னோடது. மீதி ரெண்டு பங்கு இந்தாங்க."

"உனக்கு ஏது பங்கு?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். நாலு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். "நல்லாச் சொல்லுடா அவளுக்கு" என்று பெரியண்ணன் தம்பியிடம் நேராகவே பேசினார்.

அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். துப்பாக்கியை எடுத்தேன். திருகினேன். குழலை ஒருவர் கையிலும் கட்டையை மற்றவர் கையிலும் திணித்தேன்.

"கொண்டுபோங்க. எனக்குப் பங்கில்லாத துப்பாக்கியை நான் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?"

பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். திரும்பிப் பார்ப்பதில்லை என்றுதான் நடந்தேன். பின்னால் மேசையில் கட்டை வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குழல்.

"ஏய், நில்லு" என்றார் பெரியண்ணன். பிறகு பழுதுபார்ப்பவரிடம், "நீங்க சொன்ன விலையை வகுத்துச் சொல்லுங்க" என்றார்.

"எத்தனை பேருக்கு?"

பெரியண்ணன் தம்பியைப் பார்த்தார். சின்னண்ணன்தான் பதில் சொன்னார்.

"நாங்க மூணு பேரு."