இரண்டு கட்டை இறங்கிய ஊர்

1

என் இரண்டு கண்ணும் மிச்சமிருக்கும் ஐந்து பல்லும் சாட்சி. இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. சந்தேகமிருந்தால் பல்லை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கதை பிறந்த விதத்தையும் மறைக்கப்போவதில்லை. எங்கள் தெருவில் வருஷா வருஷம் இசைவிழா நடக்கும். வண்டிகளை நிறுத்திவிட்டு இந்த முனையில் ஒரு மேடை, அந்த முனையில் ஒரு மேடை போட்டு, ராக் குழுக்கள் நாள் முழுக்க அலறும். எல்லாம் இந்தத் தெருவில் பிறந்த ஒருவனுக்காக. ஊர் அவனை 'இடி' என்கிறது. என் மனைவி 'தம்பி' என்கிறாள், கூடப்பிறந்தவன். போன வாரம் மைக்செட்காரர் எங்கள் பால்கனியில் ஸ்பீக்கர் கட்டக் கயிறு கேட்டார். துணி காயப்போடும் கொடியை அவிழ்த்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், தன் கிடாரைத் தோளில் மாட்டியபடி அவன்' — வேண்டாம். அன்று மழையில்லை. கிடாரும் இரவல்.

இரண்டாம் தொடக்கம்: 'இடியின் குரல் கேட்டால் கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கும்.' இது இருக்கட்டும். உண்மையும்கூட.

இடி பாடியது ஒரே ஒரு இசைத்தட்டு. வெளியூர் ஸ்டுடியோ, கூலிக்கு வாசித்தவர்கள். தட்டு கடைக்கு வருமுன்பே, அவன் வந்த வண்டி லாரியில் மோதி ஆள் போய்விட்டான். அதுவரை ஊரில் யாரும் அவன் பாடிக் கேட்டதில்லை. மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்கு மட்டும் பாடுவான். [நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையானது அதற்கப்புறம். அவன் குரலுக்கு என்னைச் சாட்சி கூப்பிடாதீர்கள்.]

தட்டில் இருந்ததோ கனத்த, நெஞ்சை அமுக்கும் குரல். ஊர் சொக்கிப்போனது. எல்லாக் குழுக்களும் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இரண்டு கட்டை இறக்கிக்கொண்டன. பள்ளிக்கூட மணியை அரம் போட்டு இறக்கினார்கள். தெருநாய்கள்கூடத் தாழ்வாகத்தான் குரைத்தன. வெளியூர் நாயொன்று வந்து உச்சத்தில் குரைத்துவிட்டு, அவமானம் தாங்காமல் ஊரைவிட்டே ஓடியது.*

* ஓடியதை நானே பார்த்தேன். பழுப்பு நாய்.

3

இங்கே என் மனைவியைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். தயக்கமாக இருக்கிறது. எழுதினால் சும்மா இருக்கமாட்டாள்.

"இது அவன் குரல் இல்லைங்க."

"பின்ன யாரோடது? பக்கத்து வீட்டுக்காரனோடதா?"

"கிண்டல் வேணாம். அவன் குரல் கீச்சுன்னு இருக்கும், அணில் மாதிரி. எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கேன்!"

தட்டு வந்த நாள் முதல் இதையேதான் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. விழாக்குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, "அக்கா, துக்கத்துல ஞாபகம் குழம்பும். சகஜம்," என்பார், அதற்கும் ஒரு மாத்திரை இருப்பது போல. வருஷக்கணக்கில் இதைக் கேட்டு அவளுக்கே நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

"ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ? தம்பி குரலையே மறக்கிற அக்கா எங்கயாவது இருப்பாளா?"

[இந்த இடத்தில் புருஷன்காரன் ஏதாவது சொல்ல வேண்டும். எழுதி எழுதி அடித்துவிட்டேன்.]

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கீச்சுக்குரல் நிஜமாகவே இருந்தது என்று தெரிய வேண்டும்.

4

கயிறு கட்டி முடித்த மைக்செட்காரர், தெரு ஸ்பீக்கர்களையெல்லாம் சோதிக்கத் தட்டைப் போட்டார். பாட்டு தொடங்குமுன் இருக்கும் மௌனத்தில் தலையைச் சாய்த்தார்.

"ஐயா, கரண்ட் இரையுது, கேக்குதா? ஸ்டுடியோ கரண்ட்."

"எல்லாத் தட்டுலயும்தான் இரையும்."

"இரையும். ஆனா கரண்ட் எப்பவும் ஒரே சுருதியிலதான் இரையும். இதுல இறங்கியிருக்கு. தட்டு அடிச்ச அன்னிக்கு, பாட்டைப் பதிஞ்ச டேப் மெதுவா ஓடியிருக்கு. இரைச்சல் இறங்கினா பாடினவரும் இறங்குவார்ல?"

வேகத்தைத் திருகிக் கூட்டினார். இரைச்சல் தன் இடத்துக்கு ஏறியது. கூடவே அவனும் ஏறினான்.

வெறிச்சோடிய தெருவின் இரண்டு முனையிலிருந்தும் மீசை முளைக்காத குரலொன்று, அவசர அவசரமாக, எங்கோ ஓடிப்போகிறவனைப் போலப் பாடியது. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு என் மனைவி வந்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"அட லூசு, மூச்சு விட்டுட்டுப் பாடுடா," என்றாள்.

கடையை அப்படியே போட்டுவிட்டு மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். "நிறுத்துய்யா! இடியை எலியாக்கிட்டியே! விழாவுல இதைப் போட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் தம்பி. நானும் சிரிச்சவதான்."

5

முடிவு (அ): விழாவில் கீச்சுக்குரலைப் போட்டார்கள். கூட்டம் சிரித்தது. பிறகு யாரோ ஒருவர் தந்தியை முறுக்கி ஏற்ற, தெரு நெடுக முறுக்கும் சத்தம். (எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்பிக்கையில்லை.)

முடிவு (ஆ): தலைவர் ஜெயித்தார். மேடையில் இடி முழங்கியது. அவள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

முடிவு (இ): அவள் மேடையேறி மைக்கைக் கையில் வாங்கி, ஒருமுறை செருமிவிட்டு

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் பிடிக்காவிட்டால் நான்காவதாக ஒன்றை நீங்களே எழுதுங்கள்; விழாவை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.

டேப் மெதுவாக ஓடியதை மைக்செட்காரர் கண்டுபிடித்தது போன வாரம். என் மனைவி இறந்தது போன வருஷம்.