மெதுவான பஸ்

வைத்தியசாலைச் சமையலறையில் வேலை முடிந்ததும் இராஜேஸ்வரி எப்போதும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவாள். ட்ராமில் போனால் பாதி நேரம் மிச்சம். கூட வேலை செய்யும் நிலோஜினி இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கார்த்திகையில் ஒருநாள், ரயில் நிலையத்தில் இறங்கி ட்ராம் பிடிக்கலாம் என்று அவளும் கூடவே ஏறினாள்.

மூடுபனியில் சுவிஸின் பேர்ண் நகரம் கரைந்திருந்தது. தெருவிளக்குகள் மஞ்சளாக மிதந்து வந்து பின்னால் போயின. இருக்கைக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று காலில் ஏறியது. பஸ் பாலத்துக்கு வந்தபோது கீழே ஆறும் இல்லை, மேலே வானமும் இல்லை. இராஜேஸ்வரி கண்ணயர்ந்தாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண். இராஜேஸ்வரி விருட்டென்று எழுந்து அடையாள அட்டையை நீட்டினாள். கால்கள் தாமாகவே கதவுப் பக்கம் திரும்பின.

"இல்லையக்கா, இருங்கோ." நிலோஜினி அவள் கையைப் பிடித்தாள். "பஸ்ஸிலை என்ன பிடிக்குமெண்டு ஆக்களிட்டைக் கேக்கிறாவாம்."

அந்தப் பெண் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். வேகமா, சுத்தமா, கட்டணமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, நிலோஜினி தமிழில் சொன்னாள். எல்லாவற்றுக்கும் இராஜேஸ்வரி தலையாட்டி மறுத்தாள்.

"ஊரிலை ஆமி மறிச்சால் எல்லாரும் பஸ்ஸாலை இறங்கி நடக்கவேணும், நிலோ. ஒருக்கா என்ரை தம்பி சிவநேசனும் இறங்கினவன். பஸ் வெளிக்கிடேக்கை அவன்ரை சீற் வெறுமையாய்க் கிடந்தது." அடையாள அட்டையைப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்: "இங்கை ஒருத்தரும் இறங்கச் சொல்லாயினம். மெதுவாய்ப் போனால் இன்னும் நல்லம். நித்திரை வருது."

இவ்வளவு நாள் பழகியும் நிலோஜினிக்கு இது தெரியாது. ஒன்றும் விடாமல் ஜெர்மனில் சொன்னாள். அந்தப் பெண் பேனாவை மூடி, எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். பிறகு யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் இராஜேஸ்வரியின் கையை ஒருமுறை பற்றிவிட்டு இறங்கிப் போனாள்.

எதிர்ப்பக்கம் ட்ராம் நின்றது.

"நீ போகேல்லையோ?"

"ஓம், பிறகு போறன். நீங்கள் படுங்கோ. உங்கடை இடம் வந்தால் எழுப்பிறன்."

ஆனால் அந்த இடம் வந்தபோது நிலோஜினியும் தூங்கியிருந்தாள். கடைசித் தரிப்பில் சாரதி திரும்பிப் பார்த்தார். ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்திருந்த இரண்டு பெண்களைத் தவிர பஸ்ஸில் வேறு யாரும் இல்லை. பஸ் எப்படியும் நகரத்துக்குத்தான் திரும்பப் போகிறது. அவர் கதவுகளை மூடி, சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டு, பத்திரிகையை விரித்தார்.