முதல் வெள்ளை

சாயங்காலம் ஆகியும் எங்கள் ஒப்பனைக் கொட்டகையில் ஒருவர் முகத்திலும் சாயம் இல்லை. வெளியே கடலம்மன் மாட்சுவின் பிறந்தநாள் கூட்டம். வெடிச் சத்தம், சிப்பி ஆம்லெட் புகை, பன்றித் தொத்திறைச்சி வாசனை. உள்ளே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கண்ணாடிக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து கொட்டகைத் தரையே தேய்ந்திருக்கும்.

காரணம் என் புருஷன் ஹோக். எங்கள் குழுவின் கோமாளி.

முன்னொரு காலத்துப் பேரரசர் ஒருவர் விளையாட்டாகக் கோமாளி வேஷம் கட்டினாராம். அன்றிலிருந்து கோமாளி தன் மூக்கில் வெள்ளை வைத்த பிறகுதான் மற்றவர்கள் தூரிகையைத் தொடலாம். வேஷப் பெட்டிகள் மேல் உட்காரும் உரிமையும் அவன் ஒருவனுக்கே. நாடகத்தில் கோமாளி இருக்கிறானோ இல்லையோ, வெள்ளை அவன் வைத்தாக வேண்டும்.

இந்த நாடகத்தில் இல்லைதான். எங்கள் இயக்குநர் ஜெங்யான் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன். நல்ல பையன், தலையில் கொஞ்சம் அதிகமாகவே சரக்கு. எங்கள் பாட்டும் நடையும் அப்படியே இருக்கும். கதை மட்டும் அந்த ஊர்த் துயர நாடகம். பித்தளைத் தாளத்தோடு செல்லோ என்ற பெரிய பிடில் வாசிக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் கூட்டி வந்திருந்தான். தான் தொடங்கிய போரில் மகனைப் பறிகொடுக்கும் ராணி நான். இத்தனை வருஷம் தோழி, பணிப்பெண், சக்களத்தி என்று ஓடிவிட்டுக் கடைசியில் கிடைத்த ராணி. மகனின் கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் பாடும் கடைசிக் காட்சியை ஒத்திகையில் பார்த்தே தாளக்காரர் மூக்கைச் சிந்தினார்.

அன்று மதியம் ஜெங்யான் ஹோக்கின் படகோட்டி வேஷத்தை வெட்டினான்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இது துயர நாடகம். நடுவுல சிரிச்சா சோகமெல்லாம் ஒழுகிப் போயிடும்."

"சோகம் என்ன ஓட்டச் சட்டியா, ஒழுகறதுக்கு?" என்றான் ஹோக்.

"மேடையோரம் வசனம் எழுத்தா ஓடுற திரைய நீங்க பாத்துக்குங்க. நேரத்துக்குப் பட்டன அமுக்கினா போதும்."

ஹோக் என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் ராணி கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம். அவன் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விட்டான்.

போதாக்குறைக்கு, முன்வரிசையில் பெல்ஜியத்து அம்மாள் ஒருத்தி. அங்கே நடக்கும் பெரிய விழாவுக்கு நாடகம் தேர்ந்தெடுப்பவள். கடைசி விரைவு ரயிலைப் பிடித்தாக வேண்டும். நேரத்துக்கு ஆரம்பித்தால் என் கடைசிக் காட்சியைப் பார்ப்பாள். தாமதமானால் அதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். அது கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். என்னைவிட யாருக்குத் தெரியும்?

ஜெங்யான் கையைப் பிசைந்தான். "அக்கா, முகம் எழுதித் தலைக்கட்டுக் கட்டவே எவ்வளவு நேரம் ஆகும்! நீங்களாவது ஆரம்பிங்க."

"சட்டம் தெரியும்ல உனக்கு?"

"பழைய சட்டம்க்கா அது!"

"அந்தப் பழைய சட்டத்துக்கு உரிய ஆள்தான் இப்ப பேருந்துல உக்காந்திருக்காரு," என்றான் என் மகனாக நடிக்கும் ஜுன். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. எவனாவது ஒருவன் கோமாளியாகிவிட்டால் சரிதானே? ஹோக்கின் தூரிகையை எடுத்தேன். வெள்ளையில் தோய்த்து என் மூக்கின் மேல் அப்பினேன்.

"ஆச்சு. போடுங்க எல்லாரும்."

ஒரு கணம் திகைத்துவிட்டுப் பாய்ந்தார்கள் பாருங்கள்! சிவப்பும் கருப்பும் பறந்தன. நானும் மூக்கின் மேலேயே ராணியின் வெளிர்சிவப்பை இழுத்து, ஒரு புருவத்தை முடித்தேன். இன்னொரு புருவத்துக்குத் தூரிகையைத் தூக்கியபோது, கண்ணாடியில் ஹோக் தெரிந்தான்.

வாசலில் நின்றான். கையில் ஆவி பறக்கும் ஒரு பை. எங்களுக்கெல்லாம் பன்றி இறைச்சிக் கொழுக்கட்டை. செருப்பெல்லாம் புழுதி. "ரெண்டாவது நிறுத்தத்துலயே எறங்கிட்டேன். திரும்பி வர பேருந்து கெடைக்கல, நடந்தே..." என்றவன் நிறுத்தினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் என் முகத்தை. பிறகு தன் தூரிகையை. அது ஈரமாக இருந்தது.

"அட, நான் இல்லாமலே ஆகுதே," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பையை ஓரமாக வைத்துவிட்டு, பார்வையாளர்களுக்குப் போடும் பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தான். சுற்றிலும் பெட்டிகள். அவன் எந்தப் பெட்டியையும் தொடவில்லை.

அவனும் நானும் எட்டு வயதிலிருந்து ஒரே குழுவில் அடி வாங்கி வளர்ந்தவர்கள். அவன் முக்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வேஷத்தை ஜெங்யான் எடுத்துக்கொண்டான், மிச்சம் இருந்த ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்து முகத்தில் தேய்த்தேன்.

"அக்கா! என்ன பண்றீங்க?" ஜெங்யான் கிட்டத்தட்ட அலறினான். "அந்தம்மா கெளம்பிடுவாங்க! உங்க காட்சிக்கா அது!"

"தெரியும்டா. கத்தாத."

ராணியின் சாயமெல்லாம் துடைத்த துணியோடு வந்துவிட்டது. அடுத்து ஜுன் எண்ணெய்க்குக் கை நீட்டினான். பிறகு எதிரித் தளபதி, அரைகுறை மீசையோடு. கொஞ்ச நேரத்தில் கொட்டகை முழுக்க எண்ணெய் வழியும் வெறும் முகங்கள். செல்லோக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அவளும் உதட்டுச் சாயத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஹோக் எழுந்திருக்கவில்லை. "பைத்தியமாடி நீ? அழிக்காத. போ, போய் ஆடு."

"நீ வை, நான் ஆடறேன்."

"எனக்கு வேஷமே இல்லையே."

"வேஷம் இல்லாட்டி போகுது, மூக்கு இருக்குல்ல?"

அவன் தூரிகையைக் கழுவினான். அவசரமே படவில்லை, எனக்குத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி முன் குனிந்து, மூக்கின் மேல் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம் வைத்தான். "ம், போடுங்க. கொழுக்கட்டையத் தின்னுட்டுப் போடுங்க, ஆறிடும்." போய் என் ராணிப் பெட்டியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

நாடகம் மிகவும் தாமதமாகத் தொடங்கியது. கடைசிக் காட்சிக்குக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு மேடையில் மண்டியிட்டபோது முன்வரிசையைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தேன். நாற்காலி காலி. அதில் யாரோ ஒரு குழந்தையின் பலூனைக் கட்டி வைத்திருந்தார்கள். பாடினேன். என் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. தொத்திறைச்சிக் கடைக்காரன் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

உள்ளே வந்ததும் ஹோக் கேட்டான். "நாற்காலிய பாத்தியா?"

"பாத்தேன்."

"வருத்தமா?"

"ஆமா. ரொம்ப."

பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவன் பெட்டியில் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் உட்காரவில்லை. அது அவனுடைய இடம். நின்றபடியே அவன் தோளில் கையை ஊன்றிக்கொண்டு, அந்தக் காலி நாற்காலிக்காக அழுதேன்.