ஓதம் ஏறுமுன்

படுத்த படுக்கையாய்க் கிடந்த அண்ணனை இருவரும் சேர்ந்து இடப்பக்கமாகப் புரட்டினார்கள். தோளைத் தங்கை தாங்கிக்கொள்ள, அண்ணி விரிப்பின் சுருக்கங்களை நீவிவிட்டாள். அவன் முனகவில்லை. இருவரையும் அச்சுறுத்தியது அதுதான், நேற்றுவரை முனகினான்.

சன்னல் திரை உட்புறமாக உப்பியது. காற்று திசைமாறிக் கடற்பக்கத்திலிருந்து வீசியது; கடல்நீர் ஏறும் ஓதநேரம் நெருங்கிவிட்டது. தங்கை திரையைப் பார்த்ததை அண்ணி பார்த்தாள்.

“போகலாம்னு நெனச்சுக்கூடப் பார்க்காத.”

“நான் ஒண்ணும் சொல்லலியே அண்ணி.”

“வாய் சொல்லல. உன் கால் சொல்லுது.”

கைவிடப்பட்ட இறால் பண்ணையின் கரையை வெட்டி, கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டு, அண்ணனும் தங்கையும் உவர்சதுப்பாக மீட்டெடுத்த நிலம் அது. முதலில் உமரிச் செடி முளைத்தது. பிறகு நண்டுகள் வந்தன. இந்த ஆண்டுதான் நெடுங்கால் உள்ளான் பறவைகள் முதன்முறையாகச் சேற்றுத் திட்டுகளில் முட்டையிட்டிருந்தன. அன்றாட ஓதம் அக்கூடுகளைத் தொடாது. முழுநிலவையொட்டிய இன்றைய ஓதம் அவற்றை மூழ்கடித்துவிடும். அதற்குள் கடல்நீர் நுழையும் மதகின் பலகையை இறக்கியாக வேண்டும்.

“ஊருல வேற கையே இல்லையா?”

“மதகுச் சக்கரத்துல பல்லு தேஞ்சு கெடக்கு அண்ணி. பழகாத ஆளு கைய விட்டா பலகை ரெண்டாப் போயிடும்.”

“மூணாவதா ஒருத்தருக்குக் கத்துக்குடுங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அண்ணனும் தங்கச்சியும் என்னமோ பரம ரகசியம் மாதிரி சிரிச்சீங்க.”

அது உண்மை.

அவன் கண் திறந்தான். “கொக்கு.” அவளுடைய நீண்ட கால்களைக் கேலி செய்து சிறுவயதில் வைத்த பெயர். “மதகு?”

“மூடியாச்சு அண்ணா.”

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான். சக்கரத்துக்குப் போடும் மசகின் வாடை இல்லை; சோப்பு மணந்தது.

“பொய்யக்கூட கை கழுவிட்டு வந்துதான் சொல்ற.” உதடு கோணியது, சிரிப்பாக இருக்கலாம். “போ.”

“அவ போகமாட்டா. நீங்க பேசாமப் படுங்க,” என்ற அண்ணி தங்கையின் மணிக்கட்டைப் பற்றினாள். “நீ வர்றதுக்குள்ள...” பிடி எப்போது தளர்ந்தது, அண்ணி விட்டாளா, தான் உருவிக்கொண்டோமா என்பது மிதிவண்டியில் ஏறியபோதே தங்கைக்குத் தெளிவாக இல்லை.

அவள் மதகின் சக்கரத்தைப் பற்றியபோது நீர் முதல் திட்டின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பறவைகள் தலைக்குமேல் கீச்சிட்டுச் சுழன்றன. பலகை பாதி இறங்கியிருக்கையில் இடுப்பில் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு கையைக்கூட எடுக்க முடியாது. மணி ஒலித்து ஓய்ந்தது. சற்றுப் பொறுத்து மீண்டும் ஒலித்தது. பற்களைக் கடித்தபடி அவள் சக்கரத்தைப் பல் பல்லாக இறக்கினாள். பலகை அடியில் போய்ப் பொருந்தியதும் உட்புற நீர் ஏறுவது நின்றது. சக்கரம் சுழலாதபடி முளையைச் செருகிவிட்டுக் கரையில் குந்தி, அண்ணியை அழைத்தாள்.

“அண்ணி?”

மறுமுனையில் நாற்காலி ஒன்று நகரும் ஓசை கேட்டது.

“மொதல் தடவ அவர்தான் கூப்பிடச் சொன்னாரு. போனை அவர் காதுல வெச்சேன். மணி அடிக்கிறதக் கேட்டுக்கிட்டே இருந்தாரு.” அண்ணி மூச்சு வாங்கினாள். “எடுக்கல, அப்ப அவ மதகுலதான் நிக்கிறான்னாரு.”

“ரெண்டாவது தடவ?”

“அது நான் கூப்பிட்டது.”

தங்கை முளையை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

“வா,” என்றாள் அண்ணி. “இப்ப நான் தனியா இருக்கேன்.”

தங்கை எழ முற்பட்டாள். அவளுக்கும் மிதிவண்டிக்கும் இடையிலிருந்த திட்டில் ஓர் உள்ளான் இறங்கியிருந்தது. அசைந்தால் பறந்துவிடும், வெயிலில் முட்டைகள் கிடக்கும். பாதி எழுந்தவள் அப்படியே மறுபடி குந்தினாள். பறவை ஓரடி வைத்து நின்றது. அவளைப் பார்த்தது. மேலும் ஓரடி வைத்தது. பிறகு கூட்டின்மேல் நின்றுகொண்டு, ஈரம் சொட்டும் சிவந்த கால்களை மெல்ல மடக்கத் தொடங்கியது.