இருபத்தேழு மாத எலிகள்

ஆறே ஆறு கட்டம் உள்ள ஒரு பட்டியல்தான். அதை நிரப்ப முடியாமல் பேராசிரியை பத்து நாளாகத் தவித்துக்கொண்டிருந்தாள். முதல் ஐந்து கட்டம் பிரச்சினை இல்லை. பெயர், சேர்ந்த வருஷம், ஆராய்ச்சித் தலைப்பு, இப்போதைய வேலை, படிப்பை முடித்தாரா இல்லையா. ஆறாவது கட்டம்தான் அவளைக் கொன்றது. முடிக்கவில்லை என்றால் ஏன்?

உடம்பு ஏன் மூப்படைகிறது, செல்லுக்குள் என்ன கெட்டுப்போய் மனிதன் கிழவனாகிறான் என்று ஆராய வரும் மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்து, பயிற்சியும் கொடுக்கும் திட்டம் அவளுடையது. ஒன்பது வருஷமாக நடக்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் நிதிக்குழுவிடம் போய் நிற்க வேண்டும். இதுவரை படித்தவர்கள் எல்லாம் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கணக்குச் சொன்னால்தான் அடுத்த மூன்று வருஷத்துக்குக் கதவு திறக்கும். இப்போது ஒன்பது பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கிராண்ட் நின்றால் அந்த ஒன்பது பேரும் நடுத்தெருவில்தான்.

பாதியில் போனவள் ஒரே ஒருத்தி. போன தடவை அவள் பெயருக்கு எதிரே 'சொந்தக் காரணம்' என்று எழுதிப் பூசி மெழுகியாயிற்று. இந்தத் தடவை குழுக்காரர்கள் விவரமாகிவிட்டார்கள். காரணத்தை அந்த மாணவரே தன் கைப்பட எழுதித் தர வேண்டுமாம். போதாக்குறைக்கு, வியாழக்கிழமை அவர்களே அவளைப் போனில் கூப்பிட்டுப் பேசுவார்களாம்.

"மேடம், கவலைய விடுங்க. எலியம்மா எழுதி அனுப்பிட்டாங்க," என்று அலுவலக கிளார்க் கடிதத்தோடு உள்ளே வந்தார். அவருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் படித்துவிட்டுத்தான் கொடுக்கத் தெரியும். "படிச்சா கண்ணு கலங்கிடும். இந்த ஒரு லெட்டர் போதும், கிராண்ட் நம்ம பைக்குள்ள."

பேராசிரியை வாங்கிப் படித்தாள். சின்னச் சின்ன, சாயாத எழுத்து. எலிக் கூண்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளிலும் இதே எழுத்துதான் இருந்தது.

'நான் படிப்பை நிறுத்தியதற்கு நானே காரணம். மருத்துவமனையிலிருந்து நேராக வந்தவள் எலி அறைக்கென்று இருக்கும் சுத்தமான கவுனை மாற்றிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டேன். அதனால் நோய் பரவி, இருபத்திநான்கு எலிகளையும் அழிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு எனக்கு எதையும் தொட தைரியம் வரவில்லை. என் பேராசிரியை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. போகட்டும் விடு என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.'

"பாத்தீங்களா, நான் சொல்லல?" என்றார் கிளார்க். "இந்தக் காலத்துல யாரு மேடம் தன் மேல தப்புன்னு எழுதித் தர்றாங்க?"

"நீங்க போங்க, நான் அப்புறம் கூப்பிடுறேன்," என்றாள் பேராசிரியை. அவர் போனதும் கடிதத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். திருடினவளுக்கே நற்சான்றிதழ் வந்தால் வேறென்ன செய்ய முடியும்?

நடந்தது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நிதிக்குழு ஒரு குறை சொல்லியிருந்தது. முதுமையைப் பற்றிப் பயிற்சி தருகிறோம் என்கிறீர்கள், உங்களிடம் வயதான விலங்குகளை வைத்து ஒரு சோதனைகூட நடந்ததில்லையே, மூன்று மாதத்துக்குள் ஏதாவது காட்டுங்கள் என்று. எலியை விலைக்கு வாங்கலாம். ஆனால் குட்டியாகத்தான் கிடைக்கும். கிழட்டு எலி வேண்டுமென்றால் நாமே வைத்து, சோறு தண்ணீர் காட்டி, அது கிழடாகும்வரை காத்திருக்க வேண்டும். எலிக்கு இருபத்தேழு மாதம் என்றால் மனிதருக்கு எண்பது வயசு மாதிரி. இரண்டேகால் வருஷத்தை எந்தக் கடையில் போய் வாங்குவது?

அந்த இரண்டேகால் வருஷம் முழுவதையும் காத்திருந்து முடித்த ஒருத்தி அதே கட்டிடத்தில் இருந்தாள். வயதான தசை மறுபடி வலுப்பெறுமா என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக இருபத்திநான்கு எலிகளைக் குட்டியிலிருந்து வளர்த்தாள். ஞாயிறு, விடுமுறை, காய்ச்சல், எதுவும் கிடையாது. எது சோம்பேறி, எது சண்டைக்காரன், எதற்கு இடது கண் மங்கல் என்று எல்லாம் அத்துப்படி. அதனால்தான் எலியம்மா என்று பெயர். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் பதினோரு நாள் லீவு எடுத்தபோதுகூட, ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து ஒரு தடவை எலிகளைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

அந்தப் பதினோரு நாளில் பேராசிரியை அந்த எலிகளை எடுத்து நிதிக்குழுவுக்கான சோதனைக்குப் பலி கொடுத்துவிட்டாள். எலி அறைக் காவலர் மட்டும் கேட்டார், "அந்தப் பொண்ணு கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களாம்மா?" என்று. சொல்லியாயிற்று என்றாள். அதுதான் முதல் பொய். மாணவர்களுக்கு உதவித்தொகை வாங்குவதற்காக ஒரு மாணவியின் அடிமடியிலேயே கை வைத்தாள். வந்ததும் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம், அழுவாள், சமாதானப்படுத்தலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

எலியம்மா திரும்பி வந்தாள். காலிக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவளின் முகத்தைக் கண்டதும் பேராசிரியைக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. "நோய் வந்துடுச்சும்மா, வேற வழி இல்லாம போச்சு," என்று வாயில் வந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் அப்படியே வெளுத்துப்போனாள். "கிளம்புற அன்னைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வந்தேன் மேடம். கவுன் மாத்தாம உள்ள போயிட்டேனா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேராசிரியை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போகட்டும் விடு, அதையே நினைச்சுட்டு இருக்காத," என்றாள். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வேறு. நாலு மாதத்தில் எலியம்மா படிப்பை விட்டுப் போனாள். கிராண்ட் வந்தது.

மறுநாள் காலையில் பேராசிரியை கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எலியம்மாவின் வீட்டுக்குப் போனாள். நன்றி சொல்லப் போவதாகக் கிளார்க்கிடம் சொன்னாள். தனக்குத்தானே வேறு காரணம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், வியாழக்கிழமை போனிலும் அவள் இதையே சொல்வாளா என்று தெரிந்துகொள்ளத்தான் பாதி மனசு போயிற்று. மீதிப் பாதி எதற்குப் போயிற்று என்று பஸ்ஸை விட்டு இறங்கும்வரை அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது எலியம்மாவின் கணவன். லிஃப்ட் மெக்கானிக். அன்று அவனுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. வாசலுக்குள் நுழைந்ததும் ஒரு சின்ன அலமாரி, அதில் மடித்து வைத்த துணிகள், செருப்புக்கு ஒரு பெட்டி, கைகழுவும் தொட்டி, பக்கத்தில் மூன்று வகை சோப்பு.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், முழங்கை வரைக்கும் கழுவிட்டு வரணும். எங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு ஏர்போர்ட்டே பரவால்ல," என்று அவன் சிரித்தான். "நான் வேலை முடிஞ்சு வந்தா குளிச்சு, துணி மாத்தி, அப்புறம்தான் பாப்பாவத் தூக்கலாம். பொறந்தப்ப இவளே ஒரு மாசம் மாஸ்க்கோடதான் பால் குடுத்தா. கிண்டல் பண்ணிப் பண்ணி எனக்கே அலுத்துப்போச்சு."

பேராசிரியை கை கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

எலியம்மா அடுப்படியிலிருந்து வந்து, "மேடம், நீங்களா? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே," என்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். விரல் முட்டிகளில் தோல் வெடித்து, அங்கங்கே வெள்ளையாக உரிந்திருந்தது. சாப்பாட்டு மேசை மேல் கம்ப்யூட்டரும் கத்தை கத்தையாகக் காகிதமும் கிடந்தன. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, எப்போது சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது என்று, அந்தச் சீட்டுகளைப் பிழை திருத்திக் கொடுப்பதுதான் இப்போது அவளுக்கு வேலை. "வீட்டுலயே உக்காந்து செய்யலாம். எதையும் தொட வேண்டியதில்ல," என்றாள்.

கணவன் குழந்தையைப் பார்க்க உள்ளே போனான். எலியம்மா ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டாள். காவலர் ரிட்டயர் ஆகிவிட்டாரா, இப்போது எத்தனை பேர் படிக்கிறார்கள். ஒன்பது பேர் என்றாள் பேராசிரியை.

"ஒன்பது பேரா! நல்லா இருக்கட்டும். நீங்க கவலப்படாதீங்க மேடம், வியாழக்கிழமை நான் நல்லாவே சொல்றேன். என்னால ஒரு தடவ நஷ்டப்பட்டது போதும் உங்களுக்கு." வெடித்த விரல் முட்டியைத் தடவிக்கொண்டாள். "எங்கம்மா கடைசியா ஐசியுல இருந்தப்ப ஒரு நிமிஷம் உள்ள போய்ப் பாருங்கன்னாங்க. நான் போகல. கண்ணாடி வழியா பாத்துட்டு வந்துட்டேன். நான் எதையாவது கொண்டுபோய்ட்டேன்னா? இருபத்திநாலு உசுர் போனது போதும்னு நினைச்சேன்."

இதைக் கேட்டபிறகும் சும்மா இருந்திருந்தால் அவளை மனுஷி என்று சொல்வதற்கில்லை. பேராசிரியை கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இத நான் அனுப்பப் போறதில்லம்மா. இதுல எழுதியிருக்கிறது எதுவும் நடக்கல. எலிங்களுக்கு நோயே வரல. கிராண்டுக்கு வயசான எலி வேணும்னு கேட்டாங்க. நீ இல்லாதப்ப நான் எடுத்துக்கிட்டேன்."

எலியம்மா மேசை மேலிருந்த காகிதங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

"எல்லாத்தையுமா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும்தான்."

"அந்த இடது கண்ணு மங்கலானதையும்?"

"ஆமா."

"முடிவு எப்படி வந்துச்சு?"

"நல்லா வந்துச்சு. அத வச்சுத்தான் கிராண்ட் குடுத்தாங்க. நீ அவ்வளவு நல்லா வளர்த்திருந்த." சொன்ன பிறகுதான், இதைச் சொல்லியிருக்கவே கூடாது என்று அவளுக்கு உறைத்தது. "நான் பாவி. எனக்கு மன்னிப்புக் கேக்கவும் வாய் வரல."

"கேக்காதீங்க," என்றாள் எலியம்மா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பேராசிரியைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வியாழக்கிழமை போன் வருமே. என்ன சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லு."

"கிராண்ட் போயிடும். ஒன்பது பேர் இருக்காங்கன்னு இப்பத்தான் சொன்னீங்க."

"போகும். அந்த ஒன்பது பேர்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

உள்ளே குழந்தை எதற்கோ சிரித்தது. எலியம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கவுன் மாத்தினேன் மேடம்," என்றாள். "பச்ச கவுன். பின்னாடி ஒரு கயிறு அறுந்திருந்துச்சு, மிச்சம் இருந்த கயித்துல முடிச்சுப் போட்டுக்கிட்டேன். அது எனக்கு அன்னைக்கே நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆனா நான் கேட்டப்ப நீங்க பேசாம நின்னீங்க. மேடமே பேசாம நிக்கிறாங்கன்னா, அந்த முடிச்சு வேற ஏதோ நாள்ல போட்டது போல இருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். ஆறு வருஷமா அது வேற நாளுன்னே நினைச்சுட்டிருக்கேன்."

"அதே நாள்தான்," என்றாள் பேராசிரியை. "பதிவேட்டுல கவுன் எடுத்ததுக்கு உன் கையெழுத்து இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எப்ப பாத்தீங்க?"

"நீ கேட்ட அன்னைக்கு சாயங்காலமே."

எலியம்மா உள்பக்கம் திரும்பி, "ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க," என்றாள்.

அவன் குழந்தையின் சட்டையைக் கையில் பிடித்தபடி வந்தான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திக்கொண்டான். எலியம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள்.

"இவர்கிட்ட சொல்லுங்க மேடம்," என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க."

பேராசிரியை அவனைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்திலேயே நிறுத்தி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். தண்ணீர்க் குடம் அடுப்படியில்தான் இருந்தது. எலியம்மா எழுந்திருக்கவில்லை.