ஒன்பதாவது சுற்று, இரண்டாம் முறை

"எட்டு" என்று எண்ணும்போதுதான் எனக்கு உறைத்தது, இதே எட்டை நேற்றும் எண்ணியிருக்கிறேன். கையில் தேக்கரண்டி, மேசையில் மூன்று டம்ளர் தேநீர். ஏணி விழுந்து முழங்காலை ஊன்றியிருக்கிறார், கொல்லர் எதிர் மூலையில் நின்று மூச்சு வாங்குகிறார். என் கணவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. எதிரே கொழுந்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நேற்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான். நான் டம்ளரைத் தட்டி ஒன்பது என்றதும், "எழுந்துட்டாரு" என்றான். நேற்றைய ஒன்பதாவது சுற்றிலும் ஒன்பதில்தான் எழுந்தார்; இன்று நடக்க வேண்டியது பத்தாவது சுற்று.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் தினமும் காலை ஏழேகால் மணிக்குக் குத்துச்சண்டை நடக்கும். ரத்தமெல்லாம் சிந்தாது, தேநீர்தான் சிந்தும், துடைப்பது நான். அண்ணன் தம்பி இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே இந்தப் பைத்தியம். கொல்லர் என்று அவர்கள் பெயர் வைத்திருப்பது கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ஹெவிவெயிட் சாம்பியனுக்கு. பட்டறையில் சம்மட்டி அடித்த தோள், ஆள் குட்டை, குனிந்து உள்ளே புகுந்து விலாவில் போடுவார். அவர் என் கணவரின் ஆள். ஏணி இந்தக் காலத்துக்காரர், கொழுந்தனின் ஆள். ஆறடி ஒன்பது அங்குலம், இடது கையை நீட்டிக்கொண்டு நின்றாலே எதிராளி கிட்டே வர முடியாது. கொல்லர் செத்து நாற்பது வருஷம் கழித்துத்தான் ஏணி பிறந்தே இருக்கிறார். இருவரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதுதான் வழக்கு. நாளைக்கு ஒரு சுற்று. ஆளுக்கொரு குத்தாக மாறி மாறிச் சொல்ல வேண்டும். அந்த ஆள் நிஜத்தில் போடாத குத்தைச் சொல்லக் கூடாது. பழைய காலத்து முறைப்படி, விழுந்தவர் பத்து எண்ணுவதற்குள் எழாமல் போகும்வரை சண்டை நடக்கும். நடுவர் நான். இருவரில் யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பதுதான் என் தகுதி.

அன்று நான் சும்மா இருக்காமல், "என்ன தம்பி, நேத்து விழுந்த மாதிரியே" என்று வாயெடுத்தேன். கொழுந்தன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். இருபது வருஷத்தில் அவன் என்னை ஒரு மரியாதைக் குறைவான சொல் சொன்னதில்லை. காலை மிதிக்கிறான் என்றால் காரணம் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் கணவர் கிரேன் ஓட்டுகிறார். கட்டிக்கொண்டிருக்கும் மாடிகளுக்கும் மேலே ஒற்றைக் காலில் நிற்குமே, அந்த உயரமான கிரேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் இருபத்திரண்டு வருஷமாக அவர். கீழே தரையில் நின்று சைகை காட்டுவது தம்பி. வயர்லெஸ் இருக்கிறது, ஆனால் அந்த இரைச்சலில் கைதான் பேச்சு. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்க வேண்டும். கீழே காட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு டன் கம்பிக்கட்டு அந்தக் கையைப் பார்த்துத்தான் நகரும், நிற்கும்.

அதற்கப்புறம் நான் கவனிக்க ஆரம்பித்தேன். கவனிக்க ஆரம்பித்தால் சும்மா இருப்பதும் கண்ணில் குத்தும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பைக்கை இப்போதெல்லாம் தம்பிதான் ஓட்டுகிறான். "கண்ணுல தூசி விழுது" என்று என் கணவர் ஒரு சாக்கு சொன்னார். விடுதியில் படிக்கும் மகளோடு அரைமணி நேரம் போனில் பேசிச் சிரித்தார், வைத்த பத்தாவது நிமிடம் "இந்த வாரம் அவ போனே பண்ணல பாரு" என்றார். டாக்டரிடம் போகலாமா என்று நைசாகக் கேட்டேன். "எதுக்கு? மறதி இல்லாத மனுஷன் உண்டா? நீ அடுப்புல பாலை வச்சுட்டு மறக்கறதில்ல?" என்றார். நான் மறந்தால் பால் பொங்கும், அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு, இந்த வாயாடிக்கு.

நான் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். கண் பரிசோதனை செய்வது என் வேலை. லாரி ஓட்டுகிறவர்கள் சான்றிதழுக்கு வருவார்கள். பார்வை மங்கியவர்கள், வெளியே காத்திருக்கும்போதே கதவிடுக்கு வழியாக அட்டையில் இருக்கும் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கடகடவென்று ஒப்பிப்பார்கள். எனக்கா தெரியாது? "கடைசி வரியை வலது பக்கத்துலேருந்து படிங்க" என்பேன். ஆள் திருதிருவென்று விழிப்பார். சிலர் கெஞ்சுவார்கள், வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வார்கள். பாவமாகத்தான் இருக்கும். அப்படி ஒப்பித்த ஒருவருக்கும் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஹெல்மெட்டைக் கழுவ எடுத்தேன். வியர்வை நாற்றம் குடலைப் புரட்டியது. உள்பட்டையைக் கழற்றியதும் நான்காக மடித்த ஒரு சீட்டு விழுந்தது. அவர் கையெழுத்து, பென்சிலில்.

"நேற்று 31. ஏணிக்கு இடது கண்மேல் வெட்டு.
விரல் மேலே, தூக்கு. விரல் கீழே, இறக்கு.
கை பக்கத்தில், உள்ளங்கை கீழே, நிறுத்து.
பைக் சாவி தம்பியிடம்.
அவளிடம் எதுவும் கேட்காதே."

தண்ணீர்க் குழாயை மூடாமலே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொன்று என்பது சுற்றின் எண்; தினமும் அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் காகிதமே தேய்ந்திருந்தது. மூன்று சைகை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மூன்று சைகை. அதை மண்டைக்குள் வைக்க முடியாமல், எழுதி மண்டைக்கு மேலே வைத்துக்கொண்டு போயிருக்கிறார். உலர்ந்த ஹெல்மெட்டில் சீட்டைத் திரும்ப வைத்தேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் கொழுந்தனைக் கடைக்கு வரச்சொன்னேன். சோதனை அறையில் நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். எதிரே விளக்குப் போட்ட எழுத்து அட்டை.

"எத்தனை நாளா தெரியும்?"

"அந்த ஒன்பதாவது சுத்துக்கு முன்னாடியே." அவன் அட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மேல ஏறிட்டா அவருக்கு ஒண்ணும் ஆகறதில்ல அண்ணி. லீவரைப் புடிச்சா கை தானா போகுது. கீழ எறங்கினாத்தான் தடுமாறறாரு."

"அப்ப சீட்டு எதுக்கு?"

அவன் அட்டையிலிருந்து கண்ணை எடுத்தான். பிறகு, "போன செவ்வாய்க்கிழமை கம்பிக்கட்டு எறங்கறப்ப நிறுத்துன்னு காட்டினேன். நிக்கல. மறுபடி காட்டினேன். மூணாவது தடவைதான் நின்னுச்சு."

"நீ எங்க நின்னே?"

"தள்ளித்தான்."

"எவ்வளவு தள்ளி?"

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிப் பக்கத்துச் சுவரைத் தொட்டான்.

"ரெண்டு மாசமா நான் லீவே போடல. வேற யாரையும் கீழ நிக்க விடல. விழுந்தா என் மேலதான் விழும்" என்றான், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

"உன் பெரிய மனசைத் தூக்கி அடுப்புல போடு" என்றேன். "நீ செத்தா அதையும் அவரு மறந்துடுவாரு. தினம் காலையில 'தம்பி எங்க, இன்னும் வரல'ன்னு கேப்பாரு. தினம் நான் பதில் சொல்லணும். அதை யோசிச்சியா?"

அவன் அழுதான். அண்ணனும் தம்பியும் அழும்போது ஒரே மாதிரி மூக்கைத் தேய்ப்பார்கள். "அந்தக் கூண்டை எடுத்துட்டா அவர்கிட்ட என்ன அண்ணி இருக்கு?" என்று கேட்டான். அடுத்த ஆள் கதவைத் தட்டினார். கொழுந்தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அன்று மாலை இரண்டு பேரும் பைக்கில் வந்து இறங்கும்வரை நான் ஜன்னலை விட்டு நகரவில்லை.

இன்று காலை அவர் குளிக்கும்போது சீட்டை எடுத்து என் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். பச்சைத் துரோகம்தான். முப்பத்து மூன்றாவது சுற்று. மூன்று டம்ளர், ஒரு தேக்கரண்டி. அவர் குளித்த ஈரத்தோடு உட்கார்ந்து, வழக்கம்போல ஹெல்மெட்டை மடியில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பட்டைக்குள் விரலை விட்டார். ஒரு சுற்று முழுக்கத் தடவினார்.

"நேத்து எங்க விட்டோம்?" என்றார், சிரித்துக்கொண்டே.

தம்பி வாயைத் திறந்தான். "நீ சொல்லக் கூடாது. நடுவர் நான்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தோளைக் குறுக்கிக் குனிந்தார். "கொல்லர் உள்ள புகுந்துட்டாரு. வலது விலாவுல ஒண்ணு."

மறுபடி அதே ஒன்பதாவது சுற்று. தம்பி மறுத்திருக்கலாம். ஏணியின் இடது கண்மேல் வெட்டிருக்கிறது, ரத்தம் வழிகிறது, அவர் சுற்றிச் சுற்றி ஓடுகிறார் என்று சொல்லியிருக்கலாம். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "முழங்காலை ஊனிட்டாரு" என்றான். மூன்றாவது முறையாக விழுந்தான். என் கணவரின் முகம் மலர்ந்தது. அந்தப் பூரிப்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

"எண்ணேன்" என்றார்.

நான் எண்ணவில்லை. தேக்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"சரி, நேரமாச்சு. சாயங்காலம் நாங்க வந்ததும் எண்ணிக்கோ." எழுந்து ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தம்பி சாவியை எடுத்தான். இருவரும் வாசலுக்கு வருவதற்குள் நான் போய் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றேன். என்ன பேசுவது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த எதுவும் நாக்கில் வரவில்லை. வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினேன். உள்ளங்கையைக் கவிழ்த்தேன்.

அவர் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். நூறடி உயரத்திலிருந்து பார்ப்பவரைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தம்பி பின்னால் நின்று கையை உயர்த்தப் போனான், வேண்டாம் என்று தலையசைத்தேன். என் தோள் வலிக்க ஆரம்பித்தது. அவர் விரல்கள் ஹெல்மெட்டின் விளிம்பைத் தடவின. பிறகு மெதுவாக, நான் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே பார்த்தார்.

நான் கையை இறக்கவில்லை.